பலகை மேல் ஒரு நகரம் – 11: தன் பெயரிலேயே நடித்தவன்

போன வாரம் கதையை 1993-இல் நிறுத்தியிருந்தோம். தன் ‘ஷட்’ பலகைக் கம்பெனி படுத்த பிறகும் ஸ்கேட்போர்டை விட மனம் வராத ரோட்னி ஸ்மித், ஈலை கெஸ்னர், ஆடம் ஷாட்ஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு நியூயார்க்கில் ‘ஜூ யார்க்’ என்ற புதிய கம்பெனியைத் தொடங்கினார். முழுக்க முழுக்கக் கலிஃபோர்னியாக்காரர்கள் கையில் இருந்த தொழில் அது. அதில் கிழக்குக் கரைக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் இடம் பிடிக்கப் பார்த்தார்கள். அந்த இடத்துக்காகப் பலகை ஓட்டியவர்களில் ஒருவன் ஹரால்ட் ஹன்டர்.

இந்த வாரம் ஒரே ஒரு வருடம். 1994 கோடையிலிருந்து 1995 கோடை வரை.

ஹரால்ட் வாழ்ந்தது 31 வருடம். அதில் வெளியுலகம் அறிந்தது இந்த ஒரு வருடத்தைத்தான். அதையும் சரியாக அறியவில்லை என்பது என் கட்சி. ஏன் என்பதற்குள் போவோம்.

கிழக்குக் கோடியிலிருந்து

காம்போஸ் பிளாஸா மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கத்தில், 12-ஆம் தெருவுக்கும் 14-ஆம் தெருவுக்கும் நடுவே, பி, சி என்ற இரண்டு அவென்யூக்களுக்கு இடையில் நிற்கும் அரசுக் குடியிருப்பு. 1974 ஏப்ரலில் பிறந்த ஹரால்ட் வளர்ந்தது அங்கேதான்.

எண்பதுகளில் அந்த வட்டாரம் எப்படி இருந்தது என்று முன்பே பார்த்திருக்கிறோம். எரிந்து கரி பிடித்த கட்டடங்கள். சொந்தக்காரர்கள் கைகழுவிய வீடுகளில் தாங்களாகவே குடியேறியவர்கள். மூலைக்கு மூலை ஹெராயின், அதன் பின்னாலேயே கிராக். 1988 ஆகஸ்டில் பக்கத்து டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் போலீசுக்கும் மக்களுக்கும் நடந்த மோதலில் தெருவே ரத்தக்களரியானது. 1990-இல் மட்டும் நியூயார்க் நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்ட கொலைகள்.

அந்த இடத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் ஸ்கேட்போர்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் சொந்தத் தெருக்காரர்களே சிரிப்பார்கள். அது வெள்ளைக்காரப் பையன்களின் விளையாட்டு, அதிலும் கடற்கரைக்காரர்களின் விளையாட்டு என்று பெயர் வாங்கியிருந்தது. கூடைப்பந்து விளையாடத் தெரியாதா என்பார்கள்.

ஆனால் கூடைப்பந்து இருக்கிற தெருவிலேயே இருக்கும். பலகை தெருவை விட்டு வெளியே கூட்டிப்போகும். காம்போஸ் பிளாஸாவிலிருந்து மேற்கே கொஞ்ச நேரம் உருண்டால் ஆஸ்டர் பிளேஸ். அங்கே ஒரு முனையில் நிற்கும் டோனி ரோசந்தாலின் கறுப்புக் கனசதுரச் சிற்பத்தடியில் எந்த மாலையும் நாலு பையன்கள் இருப்பார்கள். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் வாஷிங்டன் சதுக்கம். தெற்கே கீழிறங்கினால் புரூக்ளின் பாலத்தடியில், மன்ஹாட்டன் பக்கத்தில், சிவப்புச் செங்கல் பாவிய சரிவுகள். கலிஃபோர்னியாவுக்கு நீச்சல் குளங்கள் எப்படியோ, நியூயார்க்குக்கு அந்தச் சரிவுகள் அப்படி.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மேற்குக் கரையில் ஒரு பையன் ஏதோ ஒரு பள்ளிக்கூட முற்றத்துப் படிக்கட்டை மாலை முழுக்கத் திரும்பத் திரும்பத் தாண்டிப் பழகலாம். வெயிலுக்கும் பஞ்சமில்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை. நியூயார்க்கில் அது நடக்காது. கட்டடக் காவலாளி விரட்டுவார். போலீஸ் பலகையைப் பிடுங்கும். பனிக்காலம் வருடத்தில் பாதியைத் தின்னும். ஆகவே நியூயார்க் பையன்கள் ஓர் இடத்தில் நிற்கவே இல்லை. மஞ்சள் டாக்ஸிகளுக்கு நடுவே நுழைந்து, நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கி, குப்பைத்தொட்டியைத் தாண்டி, அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். போகிற வழியே அவர்களுக்கு மைதானம். அந்த ஓட்டத்தில் ஒரு முரட்டு வேகம் இருந்தது. ஹரால்டிடம் அது நிறையவே இருந்தது.

வேகம் மட்டும் இல்லை, வாயும் இருந்தது. அவனோடு பழகியவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அவனுடைய சத்தத்தைத்தான் நினைவுகூர்கிறார்கள். எங்கே ஹரால்ட் இருந்தானோ அங்கே கூட்டம் சேர்ந்தது. கடைக்காரர், சதுரங்கம் ஆடுபவர், வழிப்போக்கர் எல்லோரையும் வம்புக்கிழுப்பான், அடுத்த நிமிடம் அவர்களோடே தோளில் கை போட்டு நிற்பான். சதுக்கத்தில் அவனைத் தெரியாதவர் இல்லை.

ஒரே ஒரு குறை. ஸ்கேட்போர்டில் ‘புரோ’ ஆவது என்றால் உன் பெயர் பொறித்த பலகை கடைக்கு வர வேண்டும். விற்கிற ஒவ்வொரு பலகைக்கும் ஓரிரு டாலர் உனக்கு வரும். அதற்கு உன் படம் பத்திரிகையில் வர வேண்டும், நீ ஓட்டுவது வீடியோவில் வர வேண்டும். பெரிய பத்திரிகைகள் இரண்டுமே, ‘திராஷர்’, ‘டிரான்ஸ்வேர்ல்ட்’, கலிஃபோர்னியாவில் இருந்தன. வீடியோ எடுத்த கம்பெனிகளும் அங்கேதான். கிழக்கே இருந்தபடி ஒருவன் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் பார்க்க ஆளில்லை.

அதாவது ஹரால்டுக்குத் தேவைப்பட்டது ஒரு கேமரா.

கேமரா வந்தது. ஆனால் அது தேடி வந்தது பலகையை அல்ல.

சதுக்கத்துக்கு வந்த மனிதர்

வாஷிங்டன் சதுக்கப் பூங்காவைக் கொஞ்சம் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். வடக்கே பளிங்கு வளைவு. நடுவே வட்டமான நீரூற்று. தென்மேற்கு மூலையில் கல் மேசைகள், அவற்றில் பந்தயம் வைத்துச் சதுரங்கம். சுற்றிலும் பல்கலைக்கழக மாணவர்கள், பாட்டுக்காரர்கள், வீடற்றவர்கள், கஞ்சா விற்பவர்கள். அவர்களுக்கு நடுவே பலகையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பதினைந்து, பதினாறு, பத்தொன்பது வயதுப் பையன்கள்.

1994 ஏப்ரலில் அவர்களுக்கு உட்கார இன்னோர் இடம் கிடைத்தது. லஃபாயெட் தெருவில் ஜேம்ஸ் ஜெபியா என்பவர் ‘சுப்ரீம்’ என்று ஒரு கடை திறந்தார். துணிமணிகளைச் சுவரோரமாக மாட்டிவிட்டு நடுவில் தரையைக் காலியாக விட்டிருந்தார். பையன்கள் பலகையிலேயே உள்ளே உருண்டு வரலாம். ஹரால்டும் நண்பன் ஜஸ்டின் பியர்ஸும் அந்தக் கடை வாசலின் நிரந்தரக் கூட்டம். (அந்தப் பெயரை 2020-இல் ஒரு பெரிய ஆடை நிறுவனம் 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 1994-இல் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்கள் என்பது பிந்தைய அத்தியாயத்துக்கான விஷயம்.)

இந்தப் பையன்களோடு சில வருடங்களாகவே ஒரு பெரியவர் சுற்றிக்கொண்டிருந்தார். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெயர் லாரி கிளார்க்.

கிளார்க் சாதாரண ஆள் இல்லை. 1943-இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் பிறந்தவர். சொந்த ஊரில் தன் நண்பர்கள் கையில் ஊசி குத்திக்கொண்டு சீரழிந்ததைப் படம் படமாக எடுத்து, 1971-இல் ஊர்ப்பெயரையே தலைப்பாக வைத்துப் புத்தகமாகப் போட்டவர். அமெரிக்கப் புகைப்படக் கலையில் அந்தப் புத்தகத்துக்கு ஒரு நிலையான இடம் உண்டு. இளம்பருவம், அதன் குரூரம், அதன் அழகு என்று வாழ்நாள் முழுக்க ஒரே விஷயத்தையே சுற்றி வந்தவர். இப்போது சினிமா எடுக்க ஆசை. ஸ்கேட்போர்டுப் பையன்களோடு நெருங்க வேண்டுமென்றால் பின்னால் நடந்து போனால் முடியாது என்று அந்த வயதில் பலகை ஓட்டக் கற்றுக்கொண்டார். இதைப் படிக்கும்போது எனக்கு வியப்பும் வருகிறது, கூடவே ஒரு நெருடலும் வருகிறது. இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அதே சதுக்கத்தில்தான் கிளார்க் ஹார்மனி கொரினைச் சந்தித்தார். ஒல்லியான பையன், சினிமாப் பைத்தியம், பாட்டி வீட்டில் வாசம். ஸ்கேட் கூட்டத்தில் ஒருவன். கிளார்க் கேட்டார்: இந்தப் பையன்களை வைத்து ஒரு கதை எழுதித் தர முடியுமா? கொரினுக்கு வயது பத்தொன்பது. பாட்டி வீட்டில் உட்கார்ந்து மூன்று வாரத்தில் முழுத் திரைக்கதையையும் எழுதி முடித்தான்.

கதை ஒரே நாளில் நடக்கிறது. டெல்லி என்ற பையன் சிறுமிகளை ஏமாற்றுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறான். தன் உடம்பில் எச்.ஐ.வி. இருப்பது அவனுக்குத் தெரியாது. அவனால் தொற்று வாங்கிய ஜென்னி என்ற பெண்ணுக்குப் பரிசோதனையில் அது தெரியவருகிறது. அவள் நகரமெங்கும் அவனைத் தேடி அலைகிறாள். அவ்வளவுதான்.

கதையின் கனம் புரிய வேண்டுமானால் வருடத்தை நினைவில் வைக்க வேண்டும். 1994. எய்ட்ஸைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துகள் வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அமெரிக்காவில் 25 முதல் 44 வயதுக்குட்பட்டவர்களின் சாவுக்கு முதல் காரணமாக அந்த நோய் ஏறிவிட்டிருந்த காலம். ஹரால்டின் வட்டாரத்தில் ஊசி வழியாகவும் அது பரவியிருந்தது. சாவு அங்கே செய்தித்தாளில் படிக்கிற விஷயமாக இல்லை.

ஆள் பிடித்தது

கிளார்க்குக்கு நடிகர்கள் வேண்டாம். தெருவே வேண்டும்.

டெல்லிக்கு ஆள் கிடைத்தது ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்களிடம்தான். நியூஜெர்சியிலிருந்து வந்து ஓட்டும் லியோ ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற விடலைப் பையன், தாண்டும்போதெல்லாம் விழுந்து, விழும்போதெல்லாம் வாய்க்கு வந்ததைத் திட்டுவதைக் கிளார்க் பார்த்தார். அந்தத் திட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. டெல்லியின் கூட்டாளி காஸ்பர் வேடம் ஜஸ்டின் பியர்ஸுக்கு.

கிழக்கு 13-ஆம் தெருவில் ஒரு வீட்டு வாசற்படியில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கிளார்க்கும் கொரினும் அவளிடம் போய்ப் படத்தில் நடிக்கிறாயா என்று கேட்டார்கள். ரோசாரியோ டாசன். கைவிடப்பட்ட கட்டடத்தில் குடியேறிய குடும்பம் அவளுடையது. காம்போஸ் பிளாஸாவிலிருந்து கூப்பிடு தூரம்.

ஜென்னி வேடத்துக்கு முதலில் ஒரு தொழில்முறை நடிகையைப் பேசியிருந்தார்கள். படப்பிடிப்பு தொடங்குகிற நேரத்தில் அது சரிப்படவில்லை. தெருப்பையன்களுக்கு நடுவே ஒரு நடிகை நின்றால் நடிகையாகவே தெரிகிறார். சிறு வேடத்துக்கு எடுத்திருந்த க்ளோயி செவின்யியை, கனெக்டிகட்டிலிருந்து வந்து அதே கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணை, கதாநாயகி ஆக்கினார்கள்.

ஹரால்டுக்கு? ஹரால்ட் வேடம்.

கதையில் ஹரால்ட் என்றே ஒரு பாத்திரம். நண்பன் ஹாமில்டன் ஹாரிஸுக்கு ஹாமில்டன் என்ற பாத்திரம். ஹாவியர் நூன்யெஸுக்கு ஹாவியர். வேறு பெயர் யோசிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அன்றைக்கு அது ஒரு பெருமையாகத்தான் இருந்திருக்கும். சினிமாவில் தன் பெயரே வருகிறதென்றால் இருபது வயதுப் பையன் யார் வேண்டாமென்பான்?

ஒரு சின்னத் தகவலை இங்கே செருகிவிடுகிறேன். இரவு விடுதிக் காட்சியில் பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு கதாசிரியர் கொரினும் கொஞ்ச நேரம் வந்துபோகிறார். ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியலில் அந்த வேடத்துக்கு எதிரே இருப்பது ‘அவி கொரின்’, அவருடைய தம்பியின் பெயர். அடுத்தவர்களின் பெயரை அப்படியே எழுதிய கை, தன் முறை வந்தபோது ஒளிந்துகொண்டது. விளையாட்டுக்குச் செய்ததாக இருக்கலாம். இருந்தாலும் எனக்கு மறக்கவில்லை.

பூங்காவில் ஒரு பகல்

1994 கோடையில் படப்பிடிப்பு. செலவு சுமார் 15 லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் சில்லறை. கஸ் வான் சான்ட் நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் கொடுத்திருந்தார். அவருடைய படங்களில் பணிபுரிந்த எரிக் எட்வர்ட்ஸ் ஒளிப்பதிவு. படத்துக்குப் பெயர் ‘கிட்ஸ்’.

வாஷிங்டன் சதுக்கத்தில் எடுத்த காட்சி ஒன்றை நிதானமாகப் பார்ப்போம். இந்தக் கதையின் திருப்பம் எனக்கு அங்கேதான் இருக்கிறது.

பகல். பையன்கள் வழக்கம்போல உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாமில்டன் கஞ்சா சுருட்டுகிறான். வெட்டிப் பேச்சு, கேலி, சிரிப்பு. ஹரால்ட் இருக்கிறான். பார்க்கிற யாருக்கும் இது ஒத்திகை பார்த்து எடுத்தது என்று தோன்றாது. மறைவிலிருந்து யாரோ எடுத்ததுபோல இருக்கிறது.

காஸ்பர் பலகையில் வருகிறான். எதிரே வந்த ஒருவன் மீது மோதிவிடுகிறான். வார்த்தை தடிக்கிறது. அந்த ஆள் உடம்புக்காரன், பின்வாங்கவில்லை. ஒரு நொடி எதுவும் நடக்காது போலிருக்கிறது.

பிறகு ஹரால்ட் பின்னாலிருந்து தன் பலகையை ஓங்கி அவன் தலையில் இறக்குகிறான்.

உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க எழுந்து பாய்கிறது. ஓர் ஆளைச் சுற்றி அத்தனை பேர். கால்கள், பலகைகள். காஸ்பரும் அதற்குள் இருக்கிறான். முடிந்ததும் கீழே கிடப்பவனை விட்டுவிட்டுக் கலைகிறார்கள்.

இப்போது முழுப் படத்தையும் நினைத்துப் பாருங்கள். நியூயார்க்கின் மிகச் சிறந்த ஸ்கேட்போர்டுக்காரர்கள் சிலர் இதில் இருக்கிறார்கள். பாலத்தடிச் செங்கல் சரிவுகளில் வருடக்கணக்கில் முழங்காலைத் தேய்த்தவர்கள். ஆனால் அவர்கள் பலகை ஓட்டுவது படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வருகிறது. பார்த்தவர் மனதில் பதிகிற ஒரே பலகை, அந்தத் தலையில் இறங்கியது.

அந்தப் பலகையைக் கையில் ஏந்தியதால்தான் ஹரால்ட் காம்போஸ் பிளாஸாவின் மூலைகளில் நிற்காமல் தப்பினான். அவனைக் காப்பாற்றிய பொருள் திரைக்குப் போனபோது ஆயுதமாகிவிட்டது.

கிளார்க்கைக் குற்றம் சொல்வது சுலபம். நான் முழுக்க அப்படிச் சொல்லவில்லை. ‘கிட்ஸ்’ வலிமையான படம். அந்த நாள் முழுக்க ஜென்னியின் முகத்தில் இறங்கிக்கொண்டே வரும் இருட்டை எளிதில் மறக்க முடியாது. எய்ட்ஸ் பற்றி எத்தனையோ விளம்பரங்கள் சொல்ல முடியாததை அது சொன்னது. ஆனால் அந்தப் பையன்களின் நாளில் பெரும்பகுதி எதில் கழிந்ததோ, அதை அது வெட்டி எறிந்துவிட்டது. காலையிலிருந்து இரவு வரை ஒரே தாண்டலை நூறு முறை முயன்று நூற்றோராவது முறை காலூன்றி நிற்கிற பிடிவாதம் இருக்கிறதே, அது படத்தில் இல்லை. அது இருந்திருந்தால் கதை ஓடாது. உண்மைதான். அது இல்லாமல் போனதால் ஓடிய கதை வேறு யாருடையதோ ஆகிவிட்டது, அதுவும் உண்மைதான்.

‘நடிக்கவே இல்லை!’

1995 ஜனவரி. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒரு நள்ளிரவுக் காட்சி. மறுநாளிலிருந்து பேச்சு அதைப் பற்றித்தான்.

மிராமேக்ஸ் நிறுவனம் படத்தை வாங்கியது. மே மாதம் கான் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிட்டார்கள். பெரும் வரவேற்பு ஒரு பக்கம், அருவருப்பு ஒரு பக்கம். விடலைகளைக் காட்டி வியாபாரம் செய்கிறார் கிளார்க் என்று ஒரு கட்சி. பெற்றோர் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டிய படம் என்று மறு கட்சி.

தணிக்கைச் சான்றிதழில் சிக்கல் வந்தது. பதினேழு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்கவே கூடாது என்ற கடைசிப் படிச் சான்றிதழ்தான் கிடைத்தது. மிராமேக்ஸ் அப்போது டிஸ்னியின் கைக்குள் இருந்தது. மிக்கி மவுஸ் வீட்டிலிருந்து இப்படிப்பட்ட படம் வெளிவர முடியாது. கடைசியில் மிராமேக்ஸை நடத்திய வெய்ன்ஸ்டீன் சகோதரர்கள் படத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, இதற்கென்றே ‘ஷைனிங் எக்ஸ்காலிபர்’ என்று தனிக் கம்பெனி ஒன்றை உண்டாக்கி, சான்றிதழே இல்லாமல் 1995 ஜூலையில் வெளியிட்டார்கள். அந்தச் சான்றிதழ் நிலைத்திருந்தால், நடித்த லியோவையும் ரோசாரியோவையுமே தியேட்டருக்குள் விட்டிருக்க மாட்டார்கள். இருவருக்கும் அப்போது பதினாறுதான்.

15 லட்சத்தில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 74 லட்சம் டாலர் வசூலித்தது.

பாராட்டியவர்கள், திட்டியவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இந்தப் பையன்கள் நடிக்கவே இல்லை, அப்படியே இருந்திருக்கிறார்கள் என்றார்கள். கேமராவை வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருக்கிறார்கள் என்றே பலர் நம்பினார்கள்.

இது பிழை. படத்தில் பேசுகிற ஏறக்குறைய எல்லாமே கொரின் எழுதியது. பையன்கள் அதை மனப்பாடம் செய்து பேசினார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். சொன்ன இடத்தில் நின்று, சொன்ன நேரத்தில் சிரித்தார்கள். அதற்குப் பெயர் நடிப்பு. எழுதிய வசனத்தை அந்த நிமிடம் வாயில் வந்ததுபோலப் பேச முடிவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர்கள் அதைச் செய்தார்கள். இயல்பாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, செய்யவே இல்லை என்று சொல்லப்பட்டது.

இதில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஜஸ்டின் பியர்ஸ் காஸ்பராக நடித்தான். சுயாதீனப் படங்களுக்கான ‘இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட்’ விழாவில் சிறந்த அறிமுக நடிப்புக்கான விருது வாங்கினான். ஜென்னியாக வந்த செவின்யிக்கும் ரூபியாக வந்த டாசனுக்கும் கதவுகள் திறந்தன, இன்று இருவரும் உலகமறிந்த நடிகைகள். டெல்லியாக வந்த லியோவும் பின்னாளில் நடிகரானார். ஆனால் அதற்கு முன் ஒரு விலை கொடுத்தார். தெருவில் பார்த்தவர்கள் டெல்லி என்றே நினைத்து வெறுப்பை உமிழ்ந்தார்கள். தாங்காமல் லண்டனுக்குப் போய்க் கொஞ்ச காலம் இருந்தார்.

வேறு பெயரில் நடித்தவர்கள் என்றைக்காவது அந்தப் பெயரைக் கழற்றி வைக்க முடிந்தது. லியோவாலும் முடிந்தது, வேறொரு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தாலும்.

ஹரால்ட் எதைக் கழற்றுவான்?

அவர்கள் முதன்மை வேடக்காரர்கள், இவன் துணைக் கூட்டத்தில் ஒருவன். வாய்ப்பு வராததற்கு அதுவே போதுமான காரணம் என்று நீங்கள் சொல்லலாம். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் பூங்காவில் அவனைக் கண்டபோது நடிகன் ஒருவனைக் கண்டதாக நினைக்கவில்லை. திரையில் ஓர் ஆளை அடித்த ஹரால்டை, நள்ளிரவு நீச்சல் குளத்தில் கூத்தடித்த ஹரால்டை நேரில் பார்த்ததாகத்தான் நினைத்தார்கள். பெயர் அதே, முகம் அதே, உட்கார்ந்திருந்த இடமும் அதே. ஹரால்டைக் கேட்டால் சிரித்திருப்பான். அவன் சுபாவம் அது. பார்த்தவர்களுக்கு வேண்டியதை அவர்கள் கேட்கும் முன் செய்து காட்டுகிறவன்.

பணம்? நடித்த பையன்கள் பலருக்குக் கிடைத்தது சொற்பம். படம் லட்சக்கணக்கில் ஓடியது தெரிந்த பிறகு அது உறுத்த ஆரம்பித்தது. கால் நூற்றாண்டு கழித்து, ஹாமில்டன் ஹாரிஸ் முன்னின்று கொண்டுவந்த ‘வி வேர் ஒன்ஸ் கிட்ஸ்’ என்ற ஆவணப்படத்தில் அவர்கள் அதை வாய்விட்டே பேசினார்கள். ஹரால்டோ ஜஸ்டினோ அதில் பேசவில்லை. 2021-இல் அது வந்தபோது ஹரால்ட் இறந்து 15 வருடம், ஜஸ்டின் இறந்து 21 வருடம் ஆகியிருந்தது. அங்கே நாம் இன்னும் போகவில்லை.

இன்னொரு கேமரா

1995 கோடை முடிகிறது. ஹரால்டுக்கு இருபத்தொரு வயது. நாடு முழுக்கத் தியேட்டர்களில் முகம் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அதே சதுக்கம், அதே வளைவு, அதே நண்பர்கள்.

ஆனால் நகரத்தில் இன்னொரு கேமராவும் இருந்தது. கிளார்க் வருவதற்கு வெகு முன்பிருந்தே ஈலை கெஸ்னர் ஒரு கையடக்க வீடியோ கேமராவோடு அதே பையன்கள் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். பாலத்தடிச் சரிவுகள், இரவு விடுதிகள், வானொலி நிலையத்து ராப் பாட்டுக்காரர்கள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து டேப் டேப்பாகச் சேர்த்து வைத்திருந்தார். வசனமில்லை, கதையில்லை. அந்த டேப்புகளில் ஹரால்ட் கால் பலகை மேல் இருந்தது.

ஜூ யார்க்குக்கு இப்போது ஒரு வீடியோ தேவைப்பட்டது. கலிஃபோர்னியாக்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கெஸ்னர் பழைய டேப்புகளையும் புதிதாக எடுத்தவற்றையும் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

லட்சக்கணக்கானவர்கள் பெரிய திரையில் பார்த்துவிட்ட ஒரு ஹரால்ட். ஸ்கேட்போர்டுக் கடைகளில் கைமாறப்போகும் வீடியோ கேசட்டில் இன்னொரு ஹரால்ட். முதலாமவனை இரண்டாமவனால் துரத்த முடிந்ததா?

(அடுத்த வாரம்)